ஆளில்லாக் கரை

ஊரை விட்டு வெகுதூரம் விலகி, ஆளில்லாத கடற்கரை ஒன்றில் கூடாரம் அடித்து இரவைக் கழித்து, தூண்டில் போட்டு மீன் பிடித்து, சாலையற்ற மணலில் பைக் ஓட்டித் திரும்ப வேண்டும் என்ற ஆசை, கடலோரத்தில் வாழ்கிறவர்களைவிடக் கடல் கண்ணில் படாத இடத்தில் உழைக்கிறவர்களுக்கே மிகுதியாக உண்டாகிறது. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை அத்தகைய இடங்கள். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளும், 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த கம்பெனிகளும் அங்குள்ளவர்களின் நாளை ஷிப்டுகளாக வெட்டிவைத்திருக்கின்றன. வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள், பொங்கலுக்கு மூன்று நான்கு நாள் என்று எண்ணி எடுத்த விடுப்பில் கடலைத் தேடிப் போகிறவர்களை விளையாட்டுப் புத்திக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்த கைக்கு உப்புக்காற்று வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆசையின் நடுவில் 'ஆளில்லாத' என்றொரு சொல் உட்கார்ந்திருக்கிறது. ஆராய வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.

சென்னைக்காரருக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. மேற்குப் புறநகர்க்காரருக்கோ, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை வந்த பிறகு, கடல் வடக்கே நகர்ந்துவிட்டது எனலாம். பூந்தமல்லிக்கு அருகே நசரத்பேட்டையிலும் ஆவடிக்கு அருகே நெமிலிச்சேரியிலும் அந்தச் சாலையில் ஏறிவிட்டால், நகரத்தின் ஒரு சிக்னலில்கூட நிற்காமல் மீஞ்சூரை அடைந்து, அங்கிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேரலாம். ஏரிக்குக் குறுக்கே உள்ள பாலத்தைத் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பம். அதையும் தாண்டினால் ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் வங்கக்கடலுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு. வரைபடத்தில் பார்த்தால் அது வெறும் மஞ்சள் கோடு. கட்டடம் இல்லை, கடை இல்லை, பல இடங்களில் போன் சிக்னலும் இல்லை. இந்த இல்லாமைகளைக் கூட்டித்தான் பயணத் திட்டம் போடுகிறவர் 'ஆளில்லாத கரை' என்ற முடிவுக்கு வருகிறார்.

பழவேற்காடு ஏரி என்று உள்ளூரில் சொல்லப்படுவது உண்மையில் ஓர் உவர்நீர்க் காயல், அதாவது ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலந்து நிற்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய காயல் இதுவே. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் இதில் வந்து சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதன் ஊடே போகிறது. பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்குகிறது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவின் ராக்கெட் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் யாரும் நினைத்தபடி போய்விட முடியாது. தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமாக 1980-இலேயே அறிவிக்கப்பட்டது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய ஹெல்ட்ரியா கோட்டையும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் சுற்றுலாக் கையேடுகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. அதே கையேடுகள் 'பாடு' என்ற சொல்லைக் குறிப்பிடுவதில்லை. அந்த ஊரைப் புரிந்துகொள்ளக் கோட்டையைவிட அந்தச் சொல்லே பெரிய திறவுகோல்.

பாடு என்பது காயலில் மீன்பிடிக்கும் இடத்தையும், அங்கே வலை கட்டும் முறைநாளையும் ஒருசேரக் குறிக்கும் சொல். இறால் கடலுக்குத் திரும்பும் வழியில், முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் வலை கட்டினால் வரும்படி அதிகம். ஆனால் அத்தகைய நல்ல இடங்கள் சிலவே. அவற்றுக்காக ஆளுக்கு ஆள் மோதிக்கொள்ளாமல் இருக்க, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில், உரிமைக் கணக்கில் சேர்ந்த ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் இன்ன நாளில் இன்ன இடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைக்கட்டு என்பது ஊர் வரியும் ஊர்ப் பொறுப்பும் ஏற்ற குடும்பத் தலைவரைக் குறிக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பொற்காலத்தின் எச்சம் என்று போற்றிவிடவும் முடியாது. கணக்கில் சேராத பிற சாதியினரையும் இருளர்களையும் அது வெளியே நிறுத்தியிருக்கிறது, அதனால் வழக்குகளும் மனக்கசப்பும் உண்டாகியிருக்கின்றன. ஆயினும் ஒன்று தெளிவு: வெளியூர்க்காரரின் கண்ணுக்கு வெறும் தண்ணீராகத் தெரியும் பரப்பில், இன்றைக்கு யாருடைய முறை, நாளைக்கு யாருடையது என்பது அங்குள்ள சிறுவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

முறை வைக்க வலையோ படகோ இல்லாதவர்களும் அந்தத் தண்ணீரில் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் காயலிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் காணலாம். பனையோலையில் முடைந்த 'பறி' என்னும் சிறு கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பிடித்த இறாலைப் போட வேறு வழியில்லை. மணிக்கணக்கில் அப்படி நடந்து பறியில் சேர்வதுதான் அன்றைய வீட்டுச் செலவு. உடைந்த பாட்டில் ஒன்று அந்தச் சேற்றில் கிடந்தால் அது யாருடைய கையைக் கிழிக்கும் என்பதைக் கூடாரம் அடிக்கப் போகிறவர் ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரையில் இருந்து தூண்டில் போடுவது, கேட்டுவிட்டுச் செய்தால் எவருக்கும் இடைஞ்சல் இல்லாத வேலை. அலை உடையும் இடத்தில் கிழங்கானும், முகத்துவாரப் பக்கம் மடவையும் கொடுவாவும் உண்டு. இரைக்குச் சிறு இறால் போதும். "அண்ணே, இங்க தூண்டி போடலாமா?" என்று கேட்டால், "அது பாட்டு எடம் தம்பி, அந்தாண்ட போங்க" என்ற பதில் வரும், 'அந்தாண்ட' எங்கே என்பதையும் அவரே கை நீட்டிக் காட்டிவிடுவார். எந்தக் கடையிலும் வாங்க முடியாத வரைபடம் அது.

மணலில் பைக் ஓட்டுவதைப் பற்றி இதைவிடச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. காய்ந்த மணலில் சக்கரம் புதைவதற்குக் காரணம் வண்டியின் எடையைவிட, அந்த எடை விழும் பரப்பு சிறிதாக இருப்பதே. ஆவடியில் டாங்கி கட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம்: ஐம்பது டன்னைத் தாண்டும் அர்ஜுன் டாங்கி, தன் எடையை அகலமான சங்கிலிப் பட்டைகளின் மேல் பரப்பிவிடுவதால், ஒரு சதுர அங்குல நிலத்தின் மேல் அது தரும் அழுத்தம் ஒரு பைக்கின் டயர் தருவதைவிடக் குறைவு. இதே கணக்கில்தான் மணலில் ஓட்டுகிறவர்கள் டயரின் காற்றைக் குறைக்கிறார்கள். காற்று குறைந்தால் டயர் பரந்து உட்கார்ந்து புதையாமல் ஓடும். திரும்பித் தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்றடிக்கக் கைப்பம்ப் வேண்டும். இந்த நுட்பம் வண்டியைக் காப்பாற்றுகிறது. மணலைக் காப்பாற்றுவதில்லை.

மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தியிருப்பவை இரண்டு செடிகள். ஒன்று, ஊதாப்பூப் பூத்துத் தரையோடு படரும் அடும்பு. மற்றொன்று, ஊசிபோன்ற இலைகளும் பந்து போன்ற முள்தலையும் கொண்ட இராவணன் மீசை. இவற்றின் வேர்வலை அறுந்தால் காற்று மேட்டை அள்ளிக்கொண்டு போகிறது. மேடு வெறும் மணல் குவியலும் அல்ல: பெய்த மழையை உறிஞ்சி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கவைத்திருப்பது அதுதான். கடலுக்கு இவ்வளவு அருகே ஊற்று தோண்டிக் குடிநீர் எடுக்க முடிவது அதனால்தான். அந்தப் படலம் எவ்வளவு எளிதில் கெடும் என்பதற்கு வழியிலுள்ள மீஞ்சூரே சான்று. சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்குமாகப் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில், அங்கே கடல்நீர் நிலத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் புகுந்துவிட்டது. புறநகரிலிருந்து போகிறவர் கேன் தண்ணீரை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துப் போவது வசதிக்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கரையிலிருந்து நகரம் ஏற்கெனவே போதுமான அளவு குடித்துவிட்டது.

சங்கப் பாடல்களில் நெய்தல் திணையின் தலைவன் தேரில் மணல் கடந்து வரும்போது சக்கரம் அடும்பங்கொடியை அறுப்பதும் நண்டின் வளைகளைக் குலைப்பதும் அடிக்கடி வரும் காட்சிகள். ஊரார் வாய்க்கு அஞ்சி வருகிற அவனது வேகத்தின் தடயமாகவே புலவர்கள் அதைப் பார்த்தார்கள். அகநானூற்றின் நான்காம் பாடலில் வரும் முல்லைத் தலைவனோ பூவில் தேன் உண்ணும் வண்டுகள் கலையுமென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு ஓட்டுகிறான். வண்டி ஓட்டுகிறவனின் மனத்தை அவன் விட்டுச்செல்லும் தடத்தைக் கொண்டு அளக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று.

தடத்தின் கணக்கு மிகக் கூர்மையாவது ஆமைக் காலத்தில். தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு மூடிவிட்டுத் திரும்புகின்றன. ஏறத்தாழ ஐம்பது நாளில் வெளிவரும் குஞ்சு ஒன்றின் நீளம் இரண்டு விரற்கடைக்குச் சற்று மேல். பைக் டயர் பதிந்த நான்கு விரல் ஆழப் பள்ளம் அதற்கு ஒரு மதில். அதற்குள் விழுந்தது பள்ளத்தின் நீளத்துக்கு நடந்துகொண்டே இருக்கும், விடிந்ததும் காகம் கண்டுவிடும். வெளிச்சமான திசையையே கடல் என்று நம்பி நடப்பது அதன் பிறவிக்குணம், கூடாரத்தின் எல்.இ.டி. விளக்கு அதைத் தன்பக்கம் இழுத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. அந்தச் சாவுகளுக்குப் பயணிகள் காரணமல்லர், இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்ததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் எஞ்சி வந்து முட்டையிட்டவற்றின் குஞ்சுகளை மிதிக்காமல் இருப்பது பயணிகளின் கையில் உள்ளது.

திட்டமிடுதலில் உள்ள உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதாவது மீன்கள் இனம் பெருக்க விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலம். எஞ்சுவது ஜூலையும் அதையொட்டிய இரண்டு மாதங்களும். அப்போது பகலில் மணல் காலைச் சுடும், மாலையில் இடிமழை வரும். கரையின் நாள்காட்டி இப்படியிருக்க, தொழிற்பேட்டையின் நாள்காட்டி விடுப்பைப் பொங்கலில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. தொழிலாளி தன் விடுப்பைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை, ஆமையும் தேர்ந்தெடுப்பதில்லை. இரண்டில் எது விட்டுக்கொடுக்க முடியும் என்று கேட்டால், எதை விடலாம் என்று உட்கார்ந்து யோசிக்கத் தெரிந்த தரப்புத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

படகு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. ஏரி ஆழமற்றது என்ற எண்ணமே அங்கே ஆபத்து. முகத்துவாரத்தில் ஏற்றமும் வற்றமும் மாறும் நேரத்தில் நீரின் இழுப்பு ஆளையும் படகையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

ஆகவே பொங்கல் விடுப்பில் போகிறவரின் திட்டம் பெரும்பாலும் விட்டுவிட்டவற்றின் பட்டியலாக இருக்கும். வனத்துறையிடமும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில், மணல்மேட்டுக்கு உள்பக்கமாகக் கூடாரம். கிடைக்காவிட்டால் குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. பைக் தார்ச்சாலை முடியும் இடத்தோடு நின்றுவிடும். மணல் ஓட்டத்தின் ஆசையை ஊருக்கு அருகே, உரிமையாளர் சம்மதித்த தரிசு நிலத்தில் தீர்த்துக்கொள்ளலாம். சிவப்புக் காகிதம் ஒட்டிய ஒரே ஒரு டார்ச், அதுவும் தேவைப்படும்போது. பாட்டும் இல்லை. இவ்வளவையும் கழித்த பிறகு அந்த இரவில் என்ன மிஞ்சும் என்று ஐயப்படுகிறவர்களுக்கு, வடக்கே இருந்து வரும் வாடைக்காற்றும், நகரத்து வெளிச்சத்தில் காணாமல் போன நட்சத்திரங்களும், பின்னிரவில் படகைத் தள்ளும் ஆட்களின் குரலும் மிஞ்சும்.

விடியும்போது அன்று கரைவலை இழுக்கும் நாளாக இருந்தால், மணலில் இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு நகர்ந்துகொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்க்க வந்தவனைப் பார்த்து, "சும்மா நிக்கறியே, கயிறப் புடி தம்பி" என்று யாராவது சொல்வார்கள். லேத்தில் காய்ப்புக் காய்த்த உள்ளங்கைக்கும் ஈரக் கயிறு எரியும். வலை கரையேறிய பின், இழுத்தவர்களுக்குப் பங்கு பிரிக்கையில், அவனுக்கும் ஒரு கைப்பிடி மீன் மணலில் எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.