யார் வீட்டில் ஓய்வெடுக்கிறோம்?

கேப் டவுனிலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் ஸ்டெல்லன்போஷ், பார்ல், ஃபிரான்ஷ்ஹுக் என்று வரிசையாகத் திராட்சை ஊர்கள். அங்குள்ள பழைய பண்ணை வீடுகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் போய்த் தங்கத் தோன்றுகிறது. சுண்ணாம்பு அடித்த தடித்த சுவர், நாணல் வேய்ந்த கூரை, அலை அலையாய் வளைந்த முகப்பு, பின்னால் கருநீல மலை. பாபிலோன்ஸ்டோரன் என்ற பண்ணை 1692இல் உருவானது. அதன் பெரிய வீடு 1777இல் கட்டப்பட்டது. 2007இல் கூஸ் பெக்கரும் அவர் மனைவி கேரன் ரூஸும் வாங்கிச் செப்பனிட்டார்கள். இன்று அங்கே திராட்சை, பழத்தோட்டம், ஒயின், விருந்தினர் அறைகள் எல்லாம் உண்டு. பழைய வீட்டை இடித்துத் தள்ளாமல் காப்பாற்றுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது.

ஆனால் ஒரு வீட்டைப் பழையபடி ஆக்குகிறோம் என்றால், யாருடைய பழையபடி? பெரும்பாலும் எஜமானுடையது. அவர் உட்கார்ந்த திண்ணை, அவர் சாப்பிட்ட மேஜை, அவர் ஜன்னலிலிருந்து தெரிந்த மலை. காசு கொடுத்துத் தங்கும் நாமும் இரண்டு நாள் அவர் நாற்காலியில் அமரத்தான் ஆசைப்படுகிறோம். தோட்டத்துக் கோடியில் தூக்கிக் கட்டிய வெள்ளைத் தூண்களுக்கு நடுவே தொங்கும் மணி படத்துக்கு அழகாக இருக்கும். அடிமைகளை வேலைக்கு எழுப்பிய மணி அது.

1652 முதல் 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர் அடிமைகளாகக் கேப் டவுனைச் சுற்றிய கேப் குடியேற்றத்தில் இறக்கப்பட்டார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் எனப் பல இடங்களிலிருந்து. நம் சோழமண்டலக் கரையும் அந்தப் பட்டியலில் உண்டு. கேப்பை அப்போது ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும். பசி தாங்காமல் விலைபோனவர்களைக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது. பலர் இலங்கைக்கும் ஜாவாவின் பத்தாவியாவுக்கும் போனார்கள். இந்தக் கரையின் ஆட்கள் கேப்புக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அங்குள்ள ஏடுகளில் அப்படிப்பட்டவர்களின் பெயருக்குப் பின்னால் 'வான் கோரமண்டல்' என்று ஊர் ஒட்டியிருக்கும். முன்னால் இருக்கும் பெயர் பலருக்கு வெறும் மாதம்: ஜனவரி, ஏப்ரல், செப்டம்பர். பெற்றவள் கூப்பிட்ட பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. இதைப் படித்த பிறகு அந்த வெள்ளைச் சுவர்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. தஞ்சைப் பக்கத்து விவசாயி ஒருவரின் பிள்ளை அங்கே திராட்சைக்கொடிக்குக் குழி தோண்டியிருக்கக்கூடும் என்ற நினைப்பு போகமாட்டேன் என்கிறது.

1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் இன்னும் நான்கு ஆண்டுகள் அதே எஜமானிடம் உழைத்த பிறகே, 1838இல், விடுதலை வந்தது. நஷ்டஈடு எஜமானர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அதன் பிறகும் கூலியில் ஒரு பங்கை மலிவு ஒயினாக ஊற்றிக் கொடுக்கும் 'டாப்' வழக்கம், சட்டம் தடுத்த பின்னும் 20ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஆங்காங்கே நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்த ஒயின் மாவட்டங்களும் அடங்கும்.

அப்படியானால் போகவே கூடாதா? எனக்கு அது சரியாகப் படவில்லை. நாம் விலகி நின்றால் அங்கே இன்று படுக்கை விரிப்பவரின் கூலிதான் முதலில் போகும். அழகும் குற்றமல்ல; அந்தச் சுவரைப் பூசிய கைகளுக்கும் அதில் பங்குண்டு. எனக்கு வழி காட்டியது ஃபிரான்ஷ்ஹுக் பக்கத்துச் சோல்ம்ஸ் டெல்டா பண்ணை. அதை வாங்கிய நரம்பியல் உளவியல் அறிஞர் மார்க் சோல்ம்ஸ், வரலாற்றாளர்களையும் அகழ்வாய்வாளர்களையும் அழைத்து, தன் நிலத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று தேடச் சொன்னார். பண்ணையிலேயே அருங்காட்சியகம் வந்தது. அங்கே அடிமைகளின் பெயர்கள் சுவரில் ஏறின. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஓர் அறக்கட்டளை அமைந்து, பண்ணையின் உரிமையில் பங்கு பெற்றது. பின்னால் பண்ணை கடனில் மூழ்கியது உண்மை. அதை வைத்து முயற்சியையே வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லாபம் வராத நேர்மையும் நேர்மைதான்.

இனி எந்தப் பழைய வீட்டு விடுதியில் அறை பிடித்தாலும், அது கேப்போ காரைக்குடியோ, மூன்று கேள்விகள் கேட்பதாக இருக்கிறேன்: வேலை செய்தவர்கள் எங்கே படுத்தார்கள், அவர்கள் பெயர் எங்கே எழுதியிருக்கிறது, அவர்கள் வாரிசுகளில் எவருக்காவது இங்கே பங்கு உண்டா. பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் வரவேற்பு மேஜையில் இருப்பவர் இதை மேலே கொண்டுபோவார். பத்து விருந்தாளிகள் கேட்டால் ஒரு பெயர்ப்பலகையாவது வரும்.