பந்தியும் சமத்துவமும்

ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதனால் மனிதர் சமமாகிவிடுவரா? மட்டக்குளியில் நாம் உண்ட ஓர் இராச் சாப்பாடு இக்கேள்வியை நம்முன் நிறுத்திற்று.

நம்மை அழைத்தவர்கள் முதிய மிஷனரித் தம்பதியர். பணி ஓய்ந்த பின்னும் தாயகம் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட வெள்ளையர். சோறும் பருப்பும் மீன்கறியும் மேசைக்கு வந்தன. சமைத்த பெண்மணி நம் ஒழுங்கையிலேயே குடியிருப்பவர். நகர சுத்தித் தொழிலாளர் குடும்பத்தவர். “வாருங்கள் அம்மா, சேர்ந்தே சாப்பிடுவோம்” என்றார் முதியவர். அவர் வந்து நம் அருகே அமர்ந்தார். ஒரு கணம் நம் கை தட்டிலேயே நின்றுவிட்டது. வகுப்பறையில் சமத்துவம் போதிக்கும் கை. வெள்ளையர் மேசையில் கூசாத கை. அயலவர் அருகில் கூசிற்று!

இந்தக் கூச்சத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் விடுதிகளில், கிறிஸ்தவர் வளவில் சமைத்த சோற்றை உண்ண உயர்சாதிப் பிள்ளைகள் தொடக்கத்தில் மறுத்தனர். அந்த மிஷன் 1834 இல் மதுரையிலும் பணி தொடங்கியது. சாதியைக் கைவிட்டதற்குச் சான்றாக உபதேசிமார் சமபந்தியில் உண்ணவேண்டும் என 1847 இல் அங்கே வற்புறுத்தப்பட்டது, மறுத்தோர் விலக்கப்பட்டனர்.

சாதியை மறுத்த அக்கொள்கை நேரியதே. ஆயினும், சம்பளம் கொடுப்பவர் இட்ட கட்டளையால் கூடிய பந்தி பணிவைச் சோதிக்குமேயன்றி உள்ளத்தைச் சோதிக்காது. அப்படியாயின், உள்ளம் மாறும்வரை காத்திருப்பதா? காத்திருக்கச் சொல்பவர் எப்போதும் பந்தியில் இடம் பெற்றவரே.

ஒடுக்கப்பட்ட மக்கள் காத்திருக்கவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் யாழ்ப்பாணத் தேநீர்க்கடைகள் அவர்களுக்கு மூடியே கிடந்தன. அல்லது புறம்பான பேணியில் தேநீர் தந்தன. 1966 முதல் அவர்கள் திரண்டெழுந்து கடை வாசல்களைத் திறப்பித்தனர். அவர்கள் எவருடைய அன்பையும் யாசிக்கவில்லை. கொடுத்த காசுக்கு எல்லோரும் குடிக்கும் குவளையைக் கேட்டனர். அது உரிமையின் குரல். மதுரையில் முதலாளி ஆணையிட்டார். இங்கே இழந்தவரே எழுந்தார். வேறுபாடு இதுவே.

ஆனால், சட்டமும் போராட்டமும் கடை வாசலைத் திறக்கலாம். வீட்டு அடுக்களையைத் திறக்க இயலாது. அங்கே நம் மனச்சாட்சியே சட்டம், நாமே நீதிபதி, நாமே குற்றவாளி.

அந்தப் பெண்மணி இரண்டாண்டுகளாக நம் அயலவர். அவரோடு உண்ண நமக்கு அந்நியர் வீட்டு மேசை தேவைப்பட்டது என்பதே நம் வெட்கம். இனி அவரை நம் வீட்டுக்கு அழைத்துவிட்டால் போதுமா? போதாது. அழைப்பவர், இடுபவர் என்ற நிலையில் அப்போதும் நாம் ஒரு படி மேலேயே நிற்போம். அவர் வீட்டில், அவர் சமைத்து, அவர் பரிமாற, நாம் உண்ணவேண்டும்.

அவர் நம்மை அழைப்பாரா? இந்த இரண்டாண்டுகளும் நாம் அவருக்கு எத்தகைய அயலவராய் இருந்தோம் என்பதற்கு அதுவே விடை.