விற்கலாம், ஆனால்...

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். 1830-களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டியது எதற்காக? தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்துக்கே ஓடிவிடாமல், தஞ்சாவூர்ப் பக்கத்துக்கும் பங்கு போகவேண்டும் என்பதற்காக. 2018 ஆகஸ்டில் ஒன்பது ஷட்டர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது டெல்டாவே பதறியது.

வாய்க்கால் தண்ணீரை நீங்கள் தாராளமாக உங்கள் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம். 'என் வயலைத் தாண்டிப் போகிறதே, மார்க்கெட் ரேட் கொடு' என்று அடுத்த வயல்காரரிடம் கேட்டால் ஊரே சிரிக்கும். அதே ஊர், மண்ணுக்கு மட்டும் வேறு நியாயம் பேசுகிறது. ஏன்?

லண்டனில் ஒரு பழைய ஆஸ்பத்திரி இந்தக் கேள்வியைக் கிளப்பியது. கிழக்கு லண்டன், மைல் எண்ட் வட்டாரத்தில் இருந்த செயின்ட் கிளெமென்ட்ஸ். 1849-ல் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதியாகத் தொடங்கி, பிறகு வைத்தியசாலையாகி, கடைசியில் மனநல மருத்துவமனையாக இருந்தது. 2005-ல் மூடிவிட்டார்கள். பொதுமக்கள் சொத்து. என்ன செய்யலாம்?

என்னைப் போல் பி.காம். படித்தவனைக் கேட்டால், 'கூடுதல் விலை கேட்பவருக்குக் கொடு, அந்தப் பணத்தில் இன்னொரு இடத்தில் நோயாளிகளைக் கவனி' என்பான். கேலி செய்வதற்கில்லை, நியாயமான வாதம்தான். ஆனால், அக்கம்பக்கத்தில் இருக்கிற பஸ் டிரைவரும் நர்ஸும் அந்த விலைக்கு எங்கே போவார்கள்?

வட்டாரத்து ஜனங்கள் ஒன்றுசேர்ந்து வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அங்கே வந்த 252 வீடுகளில் 23, அவர்கள் அமைத்த நில அறக்கட்டளை வழியாக உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்தன. 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். விலையைப் பாருங்கள். அந்த வட்டாரத்து நடுத்தரக் குடும்பம் என்ன சம்பாதிக்கிறதோ, அதைவைத்துப் போட்ட விலை. 2017-ல் முதல் ஆட்கள் குடிவந்தபோது ஒரு பெட்ரூம் வீடு சுமார் 1.3 லட்சம் பவுண்டு. மார்க்கெட் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! முக்கியமான நிபந்தனை, பின்னால் விற்கும்போதும் அதே கணக்கில்தான் விற்கவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை, இந்த யோசனைக்கு நம்ம ஊர் ரத்த சம்பந்தம் உண்டு. 1951-ல் பூதான இயக்கத்தை ஆரம்பித்த வினோபா பாவே, அடுத்த கட்டமாக கிராமதானம் என்றார். நிலம் தனி ஆளுக்கில்லை, கிராமசபைக்கு. பூதானத்தில் வந்ததில் பாறையும் தரிசும் உண்டுதான். ஆனால், அந்த யோசனை கடல் தாண்டியும் முளைத்தது. 1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின மக்களுக்காக இப்படியொரு நில அறக்கட்டளையை ஆரம்பித்தவர்களுக்குக் கிராமதானமும் ஒரு தூண்டுதல். அங்கிருந்துதான் லண்டன்வரை வந்தது.

'மாசாமாசம் வயிற்றைக் கட்டி இ.எம்.ஐ. கட்டுகிறவன் நாலு காசு லாபம் பார்க்கக் கூடாதா? என்ன சார் நியாயம்?' என்பீர்கள். சரியான கேள்வி. அவர் வேலை மாறி வேறு ஊர் போனால், அங்கே மார்க்கெட் விலைக்குத்தானே வாங்கவேண்டும்? அந்த நஷ்டம் நிஜம். நான் மறைக்கவில்லை.

ஆனால், வீட்டு விலையை ஏற்றியது யார்? டைல்ஸ் போட்டது நீங்கள். அந்தச் செலவு உங்களுக்குத் திரும்பி வரவேண்டும். பக்கத்தில் ஸ்கூலும் பஸ் ஸ்டாண்டும் வந்தது ஊரார் வரிப்பணத்தில். அதனால் ஏறிய விலை முழுக்க எப்படி உங்களுடையது ஆகும்? அதிலும், மனை முன்பு ஆஸ்பத்திரியாக இருந்தது. யாரையும் 'நீ யார்?' என்று கேட்காமல் படுக்கவைத்த இடம்.

ஸ்ரீரங்கத்தில் உங்களுக்கு அப்படியொரு வீடு மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் கழித்து ஒரு புரோக்கர், நிபந்தனையை உடைக்க ஒரு வழியோடும் மூன்று மடங்கு அட்வான்ஸோடும் வாசலில் நிற்கிறார். ஒருதடவை மார்க்கெட் விலைக்குப் போன வீடு, மறுபடி அந்த நர்ஸுக்குத் திரும்பாது.

பேனாவை எடுக்குமுன், அந்த வீட்டுக்காக நீங்கள் வரிசையில் நின்ற நாளை நினைத்துப் பார்ப்பீர்களா?