அந்திப் படத்தில் அகப்படாதவை

கண்ணுக்குப் புலப்படாததை இல்லை எனல் பொருந்துமா என்பது நம் தருக்க நூலோர் நெடுங்காலம் ஆராய்ந்த வினா. புகைப்படக் கலையில் அவ்வினா புதியதோர் உருவில் எழுகின்றது.

நீண்ட நேரப் பதிவு என்றொரு முறை உண்டு. கதிரவன் மறைந்து இருபது முப்பது நிமிடங்கள் சென்றபின், வானில் நீல ஒளி எஞ்சியிருக்க, மாளிகைகளில் விளக்குகள் எரியத் தொடங்கும். நம் இல்லங்களில் இரவுண்ணாமை காப்போர் உணவை முடித்துக் கலங்களையும் கழுவி வைத்துவிட்ட வேளை அது. காமிராவை முக்காலியின்மேல் அசையாது நிறுத்தி, ஒளி புகும் துளையைச் சிறிதாக்கி, பத்து முதல் முப்பது விநாடிகள் வரை திறந்து வைப்பர். நிற்கும் கட்டடங்கள் தெளிவாகப் பதியும். ஆற்றின் அலைகள் பட்டு விரித்தாற்போல் மென்மையுறும். ஓடும் கார்களின் உருவம் இராது. விளக்கொளி மட்டும் கோடுகளாக எஞ்சும். நடந்து செல்லும் மாந்தரோ அறவே மறைவர்.

இது இன்று தோன்றிய விந்தையன்று. 1838ஆம் ஆண்டில் லூயி தாகேர் என்பார் பாரிஸ் நகரின் பெருவீதி ஒன்றை உயரத்திலிருந்து பல நிமிட நேரம் பதிவு செய்தார். வண்டிகளும் மக்களும் நெருங்கிய அவ்வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கின்றது. காலணிக்கு மெருகிட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டுமே உருவாகத் தெரிகின்றார்.

அப்படம் பொய்யா? அன்று என்பதே நம் கொள்கைக்கு இயைந்த விடை. உள்பொருள் ஒவ்வொன்றும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றும் உடையது. நீண்ட பதிவு நிலைபேற்றைக் காட்டி மாற்றத்தைக் கரைக்கின்றது. ஆயிரத்தில் ஒரு விநாடியில் எடுக்கும் படமோ மாற்றத்தின் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துகின்றது. இரண்டும் நயங்களே. வீதியில் எவரும் இல்லை என்று படத்தைக் காட்டிச் சாதிப்பவர் வாயில்தான் நயம் துர்நயமாகின்றது.

தருக்கத்தோடு முடிவதாயின் இதனைப் பெரிதாக எழுத வேண்டுவதில்லை. படத்தில் அகப்படாதவை உயிர்களாக இருப்பின் என் செய்வது?

நியூயார்க் நகரில், 2001 செப்டம்பர் 11 அன்று மாய்ந்தோர் நினைவாக, வீழ்ந்த இரு கோபுரங்களைப் போல் இரண்டு ஒளித்தூண்களை வானில் எழுப்புகின்றனர். முதன்முதலில் 2002 மார்ச்சு மாதம் ஏற்றப்பெற்ற அவை, ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அந்தியில் தொடங்கி மறுநாள் விடியும் வரை ஒளிர்கின்றன. ஒவ்வொன்றும் 7,000 வாட் ஆற்றல் கொண்ட 88 விளக்குகள் இதற்குப் பயன்படுகின்றன. ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து நீண்ட பதிவில் எடுக்கப்பட்ட அதன் படங்கள் உலகெங்கும் பரவியுள்ளன, உண்மையிலேயே அழகியவை.

ஆயின் செப்டம்பர், பறவைகள் வடக்கிலிருந்து தெற்கே இரவில் வலசை போகும் காலம். ஒளித்தூணுள் புகுந்த பறவை வழி மயங்கி, கூவிக்கொண்டு அதனையே சுற்றிச்சுற்றிச் சோர்கின்றது. உயரம் இறங்கிக் கட்டடங்களில் மோதவும் நேர்கின்றது. ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகளை ராடார் கொண்டு ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 11 இலட்சம் பறவைகள் அவ்வொளியால் பாதிப்புற்றதாகக் கணக்கிட்டது. எதிர்க்கரையில் நின்று முப்பது விநாடிகள் திறந்துவைத்த காமிராவில் இந்த ஐயறிவு உயிர்கள் பதிவதில்லை. நான்கறிவு உடைய விட்டில்களைச் சொல்லவே வேண்டா.

ஒளி ஏற்றியோர் கொடியவரல்லர். இறந்தோர்பால் கொண்ட அன்பினால் ஏற்றினர். கருத்துத் தூயதாயின் குற்றமில்லை என்பாரும் நம்முள் உளர். விளக்கென்றாலே பாவம் என்று கடிவாரும் உளர். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. பிரமாதத்தால், அஃதாவது விழிப்பின்மையால், உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணம். அழகிய படத்தைக் கண்டு நாம் "பிரமாதம்" என்று வியக்கின்றோமே, அதே சொல்தான்!

செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றனுள், படத்தை வியந்து நிற்பவருக்கு முதலிரண்டும் இல்லை. வியப்பு உடன்பாடு ஆகுமா? பறவைகளைப் பற்றி அறியாதவரையில் ஆகாது என்பேன். அறிந்தபின்னும் அவற்றைப் படத்தைப் போலவே மனத்திலிருந்தும் மறைத்து வைப்பின், உடன்பாடு அன்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்நகரத்தார் ஒரு முறையைக் கைக்கொண்டுள்ளனர். தொண்டர்கள் இரவு முழுதும் விளக்குகளின் அருகே நின்று பறவைகளை எண்ணுகின்றனர். ஆயிரத்துக்கு மேற்படின், விளக்குகள் இருபது நிமிடங்கள் அணைக்கப்படுகின்றன. சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழி செல்கின்றன. அவ்வேளையில் எடுக்கும் படத்தில் ஒளித்தூண்கள் இரா. கட்டடங்களும் ஆறும் மேலே இருண்ட வானும் மட்டுமே இருக்கும்.