கருகல் வாடையும் அனுமானமும்

ஓடும் காரில் ரப்பர் கருகும் வாடை வந்தால், மூக்குக்குத் தெரிவது வாடை மட்டுமே. கருகுவது எது, எதனால் என்று மூக்கு சொல்வதில்லை. 'ரப்பர்' என்பதுகூட மனம் பழக்கத்தால் சேர்த்துக்கொண்டது. பிரேக் பேடிலும் கிளட்ச் பிளேட்டிலும் உள்ள பிசின் சூடேறிக் கருகினாலும் ஏறக்குறைய இதே வாடைதான். காட்சி எங்கே முடிகிறது, கருதல் (அனுமானம்) எங்கே தொடங்குகிறது என்பது இந்தியத் தருக்க நூலார் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. பழுது பார்ப்பவர் முன் முதலில் வந்து நிற்பதும் அதுவே.

மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறான். காட்டில் யானையின் ஒலி கேட்டு அங்கே யானை உண்டு என்பது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். சூல்கொண்ட மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது முதல். வாடையைக் கொண்டு பழுதைத் தேடுவது எச்சத்தில் அடங்கும். மூன்றில் சறுக்க அதிக இடமுள்ளதும் இதுதான். ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம் அல்லவா?

கௌதமரின் நியாய சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொள்கிறது. ஆறு பெருகியது மழையால்தான் என்று எப்படிச் சொல்வது? கீழே மறித்து அடைத்திருந்தாலும் நீர் ஏறும். எறும்பு முட்டை சுமந்து ஓடினால் மழை வரும் என்பார்கள். புற்றைக் கலைத்தாலும் ஓடும். மயிலின் அகவலை மனிதனே எழுப்பிக் காட்டலாம். ஆகவே அனுமானத்தை நம்புவதற்கில்லை என்பது எதிர்வாதம். வாத்ஸ்யாயனரின் உரை இதற்கு விடை சொல்கிறது: வெறும் பெருக்கு ஏது (அடையாளம்) ஆகாது. மழை வெள்ளம் என்றால் ஓட்டம் கடுமையாக இருக்கும், நுரை திரளும், பழமும் இலையும் கட்டையும் அடித்து வரும். மறிபட்ட நீரில் இவை இரா. பிசகியது அனுமானம் அல்ல. அடையாளத்தை அரைகுறையாகப் பார்த்தவர்தான் பிசகினார்.

காரிலும் அந்த நுரையையும் இலையையும் தேட வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சென்று சத்தம், பானட்டைத் திறந்தால் பெல்ட்டின் உட்புறம் வழவழவென்று பளபளப்பு என்றால் பெல்ட் புல்லியில் வழுக்குகிறது. ஒரு சக்கரம் மட்டும் கை அண்ட முடியாத சூட்டில் இருக்க, வண்டியும் அந்தப் பக்கமே இழுத்தால் பிரேக் கேலிப்பர் விடாமல் பிடித்திருக்கிறது. மலைப்பாதையில் ஹாஃப் கிளட்சிலேயே ஏறியபின் வாடை வந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. வால்வு கவர் கேஸ்கெட்டில் கசிந்த ஆயில் எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் மெல்லிய புகையும் கூட வரும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வாடை என்றால் டயர் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். சாலையில் கிடந்த பிளாஸ்டிக் பை சைலன்சரில் ஒட்டி உருகியதாகவும் இருக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

நியாய நூலார் உபாதி, அதாவது மறைந்து நிற்கும் நிபந்தனை, என்று ஒன்றைச் சொல்வர். புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்பது பொருந்தாது; பழுக்கக் காய்ந்த இரும்பில் புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை வரும், அந்த ஈரமே உபாதி. 'பகலில் ஓட்டினால்தான் வாடை வருகிறது' என்று ஒருவர் சொன்னால் குற்றம் பகலில் இல்லை, பகலில் போடும் ஏசியில் இருக்கலாம். ஏசியை நிறுத்தி ஓட்டும்போது வாடை நின்றால், கம்ப்ரசர் இறுகிப் பெல்ட்டை வழுக்கவைக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பழுதை நீக்கியதும் வாடையும் நீங்கினால் காரணம் உறுதியாயிற்று என்று தோன்றும். காரணம் இல்லாதபோது விளைவும் இல்லை என்று காட்டும் இது வெதிரேகச் சான்று. வலுவானதுதான், ஆனால் பாதிதான். ஆல்டர்னேட்டர் பேரிங் இறுகிக் கிடக்கையில் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதுப் பெல்ட் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு அதுவும் கருகும். சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணம் என்றும், திரிகையைத் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்த காரணம் என்றும் பிரிக்கும். படைப்புக்குச் சொன்ன பாகுபாட்டைப் பழுதுக்குப் பொருத்துவது சற்று இழுத்துப் பிடிப்பதுதான். இருந்தாலும், கருகிய பொருளும் கருகவைத்ததும் ஒன்றல்ல என்பதை அது தெளிவாகக் காட்டிவிடுகிறது.

இத்தனை அடையாளம் பார்த்தாலும் ஐயம் முற்றாகத் தீராது என்பது, அனுமானத்தை ஏற்காத சார்வாகர் வாதம். காணாத இடத்திலும் காலத்திலும் விதி தவறாது என்று யார் கண்டது? நியாய நூலாரான உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் அந்த ஐயத்துக்கு எல்லை கட்டுகிறார்: ஒருவரின் சொந்தச் செயலே எதிர்த்து நிற்கும் இடத்தில் ஐயம் நின்றுவிடும். புகைக்கு நெருப்பு வேண்டுமா என்று ஐயுறுபவரும், புகை தேவைப்பட்டால் நெருப்பைத்தான் மூட்டுகிறார். இதனால் விதி நிரூபணமாகிவிடவில்லை; ஐயத்தை அப்படியே வாழ்ந்து காட்ட எவராலும் முடியாது என்பது மட்டுமே தெரிகிறது. வயர் இன்சுலேஷன் கருகும்போது வரும் காரமான பிளாஸ்டிக் நெடி இதற்குப் பொருத்தமான இடம். எலி கடித்த வயரா, தளர்ந்த இணைப்பா என்று தெரிவதற்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கிவிட வேண்டும். புகை இல்லாதபோதுதான் பானட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றலாம். காரணம் தேடுவது அதற்கு அப்புறம்.