நிழல் யாருக்குச் சொந்தம்?

சென்னையில் வெயில் எல்லோருக்கும் பொது என்கிறோம். நிழல் அப்படியில்லை. கிண்டியிலும் அடையாற்றிலும் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மதியம் ஒதுங்க ஒரு கிளை கிடைப்பதே அரிது.

இதை மண்வாகு என்று சொல்லிவிட முடியாது. கிண்டிக் காடு வெள்ளையர் காலத்தில் கவர்னர் மாளிகையைச் சேர்ந்திருந்தது. 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கான இடம் அதிலிருந்து பிரிந்தது. இன்னொரு பகுதி 1978இல் தேசியப் பூங்கா ஆனது. அடையாற்றில் பிரம்மஞான சபை 1882இல் வந்து அமர்ந்தது. இந்த நிலங்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அதனால் மரங்கள் வளர்ந்தன. அந்த நிழலுக்கும் வாசலில் காவலாளி உண்டு.

ஒரு வேம்பு தலைக்கு மேல் விரியச் சில ஆண்டுகளாவது ஆகும். நிழல் என்பது ஓரிடத்தில் தொடர்ந்து இருக்க முடிந்த காலத்தின் பலன். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களிடமிருந்து பறிக்கப்பட்டது அந்தக் காலமும்தான். ஒதுக்கீட்டு ஆணையில் புது வீட்டின் அளவு இருக்கும். பழைய வாசலில் நின்ற முருங்கை இருக்காது.

இந்த இழப்பைக் குடும்பத்தில் எல்லோரும் சமமாகச் சுமப்பதில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவள், பள்ளி வாசலில் காத்திருப்பவள், நடைபாதையில் மீனைக் கூறு வைத்து விற்பவள் என்று வெயிலில் நிற்பதே பெண்ணின் வேலையாக இருக்கிறது. ஆணுக்கு டீக்கடை மரத்தடியாவது உண்டு. அங்கே ஒரு பெண் சும்மா உட்கார்ந்தால், “யாருக்காக உட்கார்ந்திருக்கே?” என்ற கேள்வி வரும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு அது பெரிய விஷயம். உட்காருவதை உரிமை என்று ஒப்புக்கொண்ட அரசு, கூரையில்லாமல் உழைப்பவளின் நிழலையும் உரிமையாக ஒப்புக்கொள்வதுதானே முறை?

“மரக்கன்று கொடுக்கிறோமே” என்பார்கள். நடும் நாளில் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் முதல் தண்ணீர் அவள் குடத்திலிருந்து போக வேண்டும். அதுவோ குடிக்கவும் சமைக்கவும் அளந்து பிடித்த தண்ணீர். கன்று கருகினால், “இவங்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது” என்ற பேச்சு. கூலியில்லாத அவள் வேலைகளோடு இன்னொன்றைச் சேர்த்துவிட்டு அதைப் பசுமைத் திட்டம் என்கிறோம்.

கன்றுக்கு முன்னால் கொடுக்க வேண்டியவை வேறு: துரத்தப்படாத இடம், மாநகராட்சி செலவில் தண்ணீர், சம்பளத்துக்குப் பராமரிக்க ஆள். இவை தானமல்ல, பாக்கி. மரம் நட வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது நிழல் தரும் நாளில், இதற்குத் தண்ணீர் ஊற்றியவள் இங்கே குடியிருப்பாளா?