பையின் அளவும் திரும்பும் உரிமையும்

வெளிநாடு செல்லும் ஒருவர் எவ்வளவு பெரிய பையை முதுகில் சுமந்து செல்ல வேண்டும்? ஒழுக்கவியல் பேசும் பக்கங்களில் எழுப்பத்தக்க கேள்வியா இது என்று வாசகர் நகைக்கக்கூடும். சில மாதங்களுக்கு முன்னர் வரை நாமும் அவ்வாறே நகைத்திருப்போம்.

பலாங்கொடைக்கு மேலே மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றிலிருந்து எம்மிடம் கற்க வந்த மாணவி ஒருத்தி, புலமைப்பரிசில் பெற்று ஆறு மாதப் பயிற்சிக்காகச் சென்னைக்குப் புறப்படவிருந்தாள். நகரத்துக் கடையொன்றில் இரண்டு முதுகுப்பைகளைப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்றின் கொள்ளளவு 40 லீற்றர். மற்றது 70 லீற்றர். "எதை வாங்கட்டும், சேர்?" என்று கேட்டாள். நாம் தயங்காமல் சிறியதையே சொன்னோம். சொன்னதில் ஓரளவு பெருமையும் கொண்டோம்.

சில நாட்களின் பின் அவளுடைய லயத்துக்குச் சென்றபோது அவளுடைய அம்மாயி எம்மைப் பிடித்துக்கொண்டார். "சின்னதை வாங்கச் சொன்னது நீங்கதானா, மாஸ்டர்? கடல் தாண்டிப் போற புள்ள. எல்லாத்தையும் குடுத்து அனுப்பணும். திரும்பி வர உடுவாங்களோ என்னமோ, யாரு கண்டா?"

அந்த முதியவளின் அச்சத்தைப் படிப்பறிவின்மை என்று தள்ளிவிட்டு வந்திருக்கலாம். ஆயின், எமது அறிவுரைக்கும் அவருடைய அச்சத்துக்கும் இடையே தீர்க்கப்படாத வழக்கொன்று இருப்பதாகவே எமக்குத் தோன்றிற்று.

முதலில் எமது தரப்பைக் கூறிவிடுவோம். அதில் நியாயம் இல்லாமலில்லை. பெரிய பை தானாகவே நிறைந்துவிடும்; வெற்றிடத்தைக் கண்டால் மனிதக் கை சும்மா இராது. ஆறு மாதத்துக்கென்று ஆறு மாத உடை வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குரியதும் துவைக்கும் சவர்க்காரமும் போதும். 40 லீற்றர் அளவிலான பை, நீளம் 55 சென்டிமீற்றரைத் தாண்டாவிடில், பெரும்பாலும் விமானத்தினுள்ளேயே உடன் கொண்டு செல்லத்தக்கது. எனினும் அவ்வாறு கொண்டு செல்வதற்குப் பல விமான நிறுவனங்கள் 7 கிலோவையே அனுமதிக்கின்றன என்பதால், அளவு பொருந்தினாலும் நிறை காட்டிக்கொடுத்துவிடும். பையை உயரத்துக்கு ஏற்றவாறு வாங்குவது தவறு. கழுத்தடி எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரையுள்ள முதுகின் நீளமே அதற்கு அளவுகோல். நல்ல பையில் இடுப்புப்பட்டி ஒன்று இருக்கும். சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் ஏற்றுவது அதுவே. தன் உடல் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் எவரும் நெடுநேரம் சுமக்கலாகாது என்பது பயணிகளிடையே வழங்கும் விதி. எல்லாவற்றிலும் மேலான சோதனை ஒன்றுண்டு: பொருள்களை நிரப்பிக்கொண்டு லயத்துப் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்ப்பது.

இந்த நியாயங்களுக்குப் பின்னால் மரபின் துணையும் எமக்கு உண்டு. பௌத்த துறவிக்கு உரிய பொருள்கள் எட்டு மட்டுமே: மூன்று சீவரங்கள், பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி. இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த பலாங்கொடை ஆனந்த மைத்திரேய தேரரும் (1896–1998) இம்மரபில் வந்தவரே. சிறிய பைக்கு இதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

ஆனால் இங்கேதான் எமது வாதம் இடறுகிறது. துறவியின் பாத்திரம் சிறியதாயிருக்க முடிவது ஏன்? அதை நாள்தோறும் நிரப்ப ஒரு கிராமம் காத்திருக்கிறது. அவர் விட்டு வந்ததைத் தாமே விரும்பி விட்டார். தோளில் ஒரு பையோடு பெலிஹுல்ஓயாப் பக்கம் மலையேற வரும் ஐரோப்பிய இளைஞனின் எளிமையும் ஏறத்தாழ இத்தகையதே. அவனுடைய மற்ற உடைமைகள் எல்லாம் அவனது நாட்டில் ஒரு பூட்டிய அறையில் பத்திரமாக இருக்கின்றன. அவன் சுமப்பது வீட்டின் ஒரு துண்டை மட்டுமே. அவனை நாம் குறை கூறவில்லை. அவன் முதுகுக்கு அது நல்லதுதான்.

முதுகில் சுமப்பதைப் பற்றி எவருக்கேனும் பாடம் நடத்துவதானால், அதற்குத் தகுதியற்ற இடம் தேயிலைத் தோட்டம். அம்மாயியின் உச்சந்தலையில் கூடைக்கயிறு அழுத்திய தடம் முடி நரைத்த பின்னும் மறையவில்லை. பயணப்பையை அமைத்தவன் சுமப்பவரின் இடுப்பை எண்ணி அமைத்தான். கொழுந்துக் கூடையை அமைத்தவன் எண்ணியது கொழுந்தை மட்டுமே. பாரம் முழுவதையும் கழுத்து தாங்கியது. இன்று பல தோட்டங்களில் கூடையின் இடத்தில் நைலோன் பை வந்துவிட்டது. நாளொன்றுக்கு 16, 18 கிலோ என்று கேட்கும் கணக்கு மாறவில்லை, குறைந்தால் அரைப்பேர். எடுத்து வந்ததிலும் பையின் நிறை என்றும் ஈரம் என்றும் கழிவு உண்டு. தன் முதுகுச் சுமையின் அளவைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பு அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கிட்டியது இந்தப் பேத்திக்குத்தான். அவள் இரண்டு பைகளின் முன் நின்று தயங்கியதன் பொருளை நாம் உணரத் தவறிவிட்டோம்.

இனி அம்மாயியின் தரப்பு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதை வாசகர் அறிவர். 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விடப்பட்டு, 1974இல் பாதிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மந்தையைப் பிரிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அன்று பலர் கேட்டனர்.

அவ்வுடன்படிக்கையில் அவ்வளவாகப் பேசப்படாத வாசகம் ஒன்றுண்டு. திரும்பிச் செல்வோர் தமது சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட சொத்துகளைச் செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டுக் கொண்டு செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது. இரண்டு அரசுகளின் தலைவர்கள் கூடி ஒரு கூலிக் குடும்பத்தின் பெட்டிக்கு அளவெடுத்திருக்கிறார்கள்! பெட்டியைச் சுமக்கப்போகிறவரை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

அம்மாயியின் தமக்கை எழுபதுகளில் இந்தியப் பங்கில் விழுந்தார். தகரப் பெட்டியில் பித்தளைக் குடம், விளக்கு, மாரியம்மன் படம், துணிமணிகள். வெளியே சுருட்டிய பாய். தலைமன்னார் சென்ற இரயிலுக்கு மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். அங்கிருந்து கப்பல், பின்னர் மண்டபம் முகாம், இறுதியில் நீலகிரி. அங்கே தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அதே கொழுந்து, அதே லயம். 1984இல் கப்பலும் நின்றது. சகோதரிகள் இருவரும் மீண்டும் சந்திக்கவேயில்லை.

அம்மாயி இங்கேயே இருந்தார். 1981இலும் 1983இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது குழந்தைகளுடன் தேயிலை மலைக்குள் ஒளிந்ததைச் சொன்னார். அன்று அவர் கையிலிருந்தது ஒரு துணிமூட்டை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்களும் பதிவுத் துண்டுகளும். அரிசியை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. சரியாகக் கணக்கிட்ட ஒருவரின் நிதானமே இருந்தது.

ஆகவே பையின் அளவை முதுகு மட்டும் தீர்மானிப்பதில்லை. திரும்பி வரும் உரிமை தீர்மானிக்கிறது. திரும்பி வருவோம் என்ற நிச்சயம் உள்ளவனுக்கு நாற்பது லீற்றர் போதும். அந்த நிச்சயம் இல்லாதவனுக்கு ஒரு கப்பலும் போதாது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. இன்று அம்மாணவியின் கையில் ஒரு கடவுச்சீட்டு இருக்கிறது. சில பத்துக் கிராம் நிறையுள்ள அந்தப் புத்தகந்தான் அவளுடைய பையிலிருந்து முப்பது லீற்றரைக் குறைத்தது. சிறிய பையைச் சிபாரிசு செய்தபோது அதை எமது ஞானத்தின் விளைவாக நாம் எண்ணிக்கொண்டோமே, அதுவே தவறு. விட்டுவிட ஏதுமில்லாதவரிடம் எளிமையைப் போதிப்பது ஆசிரியத் தொழிலில் அடிக்கடி நேரும் குற்றம். அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவையானதை மட்டும் எடு என்கிறோம், தேவை எது? தொல்லியலாளர் 'பலாங்கொடை மனிதன்' என்று அழைக்கும் ஆதி வேடுவர், பத்தாயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் இச்சப்பிரகமுவக் குகைகளில் வாழ்ந்தவர். பட்டதொம்பலென போன்ற குகைகளில் அவர்களுடைய சிறு கல்லாயுதங்களோடு கடற்சிப்பி மணிகளும் கிடைத்துள்ளன. கடல் அங்கிருந்து பல நாள் நடை. விரல்நுனியளவு ஆயுதத்தைச் செதுக்கிச் சுமையைக் குறைக்கத் தெரிந்த மனிதர், உண்ணவும் உடுக்கவும் உதவாத சிப்பியை மலைக்குச் சுமந்து வந்திருக்கின்றனர். எட்டுப் பொருள் கொண்ட பட்டியலில் அதற்கு இடமில்லை. மனிதனின் பட்டியலில் இருந்தது.

மாணவி இறுதியில் 40 லீற்றர் பையையே வாங்கினாள். முன்னமே எல்லாம் அடுக்கி, நிறுத்துப் பார்த்து, படிகளில் ஏறி இறங்கியும் பார்த்துவிட்டாள். புறப்படும் நாளன்று அம்மாயி ஒரு பொதியைக் கொண்டு வந்தார். நீலகிரியிலுள்ள தமக்கை மக்களுக்கு, இந்த மலைத் தேயிலைத்தூள் இரண்டு கிலோ. "அம்மாயி, அவங்களே தேயிலைத் தோட்டத்துலதானே இருக்காங்க?" என்று பேத்தி சிரித்தாள். "அது அந்தத் தேயிலை" என்றார் அம்மாயி.

பைக்குள் இடமில்லை. பொதியைக் கையில் பிடித்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.